மேலே போகும் யூரியா, கீழே இறங்கும் யூரியா

கேள்வி: மேலூருக்குக் கிழக்கே, பெரியாறு கால்வாயின் கடைமடையில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. செப்டம்பரில் தண்ணீர் விட்டால் ஒரு போகம், 135 நாள் ரகம். கிணற்றை ஒட்டி 30 செண்ட் மல்லிகை. பத்து வருடத்துக்கு முன் நெல்லுக்கு ஏக்கருக்கு 2 மூட்டை யூரியா போதுமாக இருந்தது. இப்போது 4 மூட்டை யூரியா, ஒரு மூட்டை டி.ஏ.பி., ஒரு மூட்டை 20-20 காம்ப்ளக்ஸ் போடுகிறோம். அப்படியும் விளைச்சல் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 30-ஐத் தாண்டவில்லை. மூன்று வருடமாகப் புகையான் (தூரில் சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி) வேறு. கிணற்றுத் தண்ணீரைச் சோதித்ததில் லிட்டருக்கு 90 மில்லிகிராம் நைட்ரேட் என்று வந்திருக்கிறது. நெல்லுக்குப் போட்ட யூரியாதான் கிணற்றில் இறங்கிவிட்டதா? முழுக்க இயற்கை விவசாயத்துக்கு மாறினால்தான் சரியாகுமா?

பதில்: கிணற்றில் இருக்கும் நைட்ரேட்டுக்குப் பெரும்பாலும் நெல் வயல் காரணமாக இருக்காது, மல்லிகையையும் வீட்டுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். இயற்கைக்கு ஒரே வருடத்தில் தாவ வேண்டாம். ஏன் என்று பார்க்குமுன் மூட்டைக் கணக்கைப் போட்டுவிடுவோம். கோளாறு முக்கால்வாசி அதிலேயே தெரிந்துவிடுகிறது.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். 45 கிலோ மூட்டைக்கு 20.7 கிலோ. நாலு மூட்டைக்கு 83 கிலோ. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 9, காம்ப்ளக்ஸில் 10. ஆக ஏக்கருக்கு 102 கிலோ தழைச்சத்து போடுகிறீர்கள். மத்திய கால நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ, அதாவது ஏக்கருக்கு 60. ஒரு டன் நெல் விளைய, வைக்கோலையும் சேர்த்துப் பயிர் எடுத்துக்கொள்வது 15 முதல் 20 கிலோ. உங்கள் 30 மூட்டை 1.8 டன். அதற்கு 36 கிலோ போதும், அதிலும் ஒரு பங்கை மண்ணே கொடுத்துவிடும். பழைய 2 மூட்டையோடு நிறுத்தியிருந்தால் டி.ஏ.பி.யும் காம்ப்ளக்ஸும் சேர்ந்து சரியாக 60 வந்திருக்கும். கூடுதலாகப் போன 2 மூட்டை பயிருக்குப் போகவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். டி.ஏ.பி.யில் சாம்பல்சத்து, அதாவது பொட்டாஷ், கிடையாது. 20-20 காம்ப்ளக்ஸிலும் கிடையாது. உங்கள் பட்டியலில் பொட்டாஷ் பூஜ்யம். பரிந்துரை ஏக்கருக்கு 20 கிலோ. அறுவடை முடிந்ததும் வைக்கோலைக் கட்டி விற்றுவிட்டால், 2 டன் வைக்கோலோடு 30 கிலோவுக்குக் குறையாமல் சாம்பல்சத்து லாரி ஏறிப் போகிறது. பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பகுதி தாளில்தான் தங்கும், மணியில் கொஞ்சம்தான். வீட்டில் மாடு இருந்த காலத்தில் அந்த வைக்கோல் குப்பையாகித் திரும்பி வந்தது. மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) டி.ஏ.பி., காம்ப்ளக்ஸ் இரண்டிலிருந்தும் சேர்ந்து 33 கிலோ விழுகிறது, தேவை 20. மணிச்சத்து மிஞ்சினால் துத்தநாகத்தைப் பயிர் எடுக்க முடியாமல் போகும். நட்ட மூன்றாவது வாரத்தில் இலையில் துருப்பிடித்த மாதிரிப் பழுப்புப் புள்ளிகள், நடுநரம்பு வெளிறிப் போதல், பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்பது, இவை தெரிந்தால் அது துத்தநாகக் குறை. அப்போதுதான் எல்லோரும் 'பயிர் ஏறவில்லை' என்று இன்னொரு மூட்டை யூரியாவைத் தூக்குகிறார்கள்.

விவசாயியை மட்டும் இதில் குறை சொல்வதற்கில்லை. 1992-ல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், யூரியாவை விட்டுவிட்டார்கள். 2010-ல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோதும் யூரியா வெளியேதான் நின்றது. அதனால்தான் யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, பொட்டாஷ் மூட்டை 1,500 ரூபாயைத் தாண்டி. கூடுதல் 2 மூட்டையைக் குறைத்தால் உங்களுக்கு மிச்சம் 533 ரூபாய்தான். அதற்காக யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது தெரிந்ததே. மிச்சம் உரத்தில் இல்லை, மருந்துச் செலவில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த 2 மூட்டை எங்கே போகிறது? நெல் வயலில் அது மேலே போகிறது. தேங்கிய தண்ணீரில் யூரியாவை வீசினால் இரண்டு மூன்று நாளில் அது அம்மோனியமாக மாறும். அந்தத் தண்ணீரில் பாசி இருக்கும். வெயில் ஏற ஏறப் பாசி தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீரின் காரத்தன்மை ஏறும். உச்சி நேரத்தில் பி.எச். 9-ஐத் தாண்டுவது சாதாரணம். காரம் ஏறிய தண்ணீரில் அம்மோனியம் அம்மோனியா வாயுவாகிக் காற்றோடு போய்விடும். பயிர் குட்டையாக இருக்கும் முதல் மூன்று வாரத்தில் தண்ணீரை மறைக்க நிழல் இல்லை. அப்போதுதான் இழப்பு அதிகம். மீதியில் ஒரு பங்கு, வயல் காய்ந்து நனையும்போது நைட்ரேட்டாக மாறி, திரும்பத் தண்ணீர் கட்டியதும் சேற்று நுண்ணுயிரிகளால் நைட்ரஜன் வாயுவாக வெளியேறுகிறது. அதில் சிறு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு. எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல 270 மடங்குக்கு மேல் சூடேற்றும் வாயு அது. மொத்தத்தில் நெல்லுக்குப் போடும் தழைச்சத்தில் பயிர் பிடித்துக்கொள்வது 30 முதல் 40 சதவீதம்தான்.

ஆகவே எவ்வளவு போடுகிறோம் என்பதோடு எப்படிப் போடுகிறோம் என்பதும் முக்கியம். வயலில் தண்ணீர் சுண்டி, சேறு ஈரமாக, வெடிப்பு விழுவதற்கு முன் இருக்கும் நிலையில் சாயங்காலம் யூரியாவை வீசுங்கள். வீசிய கையோடு தண்ணீர் கட்டுங்கள். இறங்கும் தண்ணீர் உரத்தையும் வேருக்கு இழுத்துப் போகும். நம் பக்கம் பழக்கம் இதற்கு நேர் எதிர்: காலையில் மடையைத் திறந்து, தண்ணீர் நிறைந்த பிறகு, பத்து மணி வெயிலில் உரம். கடைமடையில் இதற்கு இன்னொரு விளைவும் உண்டு. வயலுக்கு வயல் தண்ணீர் பாயும் இடத்தில், மேல் வயலில் வீசிய உரம் மறுநாள் கீழ் வயலில் நிற்கும். உரம் போட்ட இரண்டு நாளைக்கு வடிமடையை மண் வைத்து அடைத்துவிடுங்கள். நண்டு வளையையும் பாருங்கள்; வரப்பு உள்ளே ஓட்டையாக இருந்தால் மடையை அடைத்தும் பயனில்லை.

மேலுரத்துக்கு யூரியாவை ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கோடு 5:4:1 பங்கில் கலந்து ஒரு நாள் வைத்திருந்து போடலாம். 25 கிலோ யூரியாவுக்கு 20 கிலோ ஜிப்சம், 5 கிலோ புண்ணாக்கு. கடையில் வருவதே வேம்பு பூசிய யூரியாதான், இருந்தாலும் இந்தக் கலவை கரைவதை இன்னும் மெதுவாக்கும்.

எப்போது போடுவது என்பதற்கு நாள் கணக்கை விட இலை வண்ண அட்டை நல்லது. பச்சையின் பல அளவுகள் அச்சிட்ட பிளாஸ்டிக் பட்டை, அவ்வளவுதான். நட்ட 14-ம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, காலை 8-லிருந்து 10 மணிக்குள், வயலில் அங்கங்கே 10 குத்துகளை (ஒரே இடத்தில் நட்ட நாற்றுக் கொத்து) தேர்ந்தெடுத்து, முழுதாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை அட்டையில் வைத்துப் பாருங்கள். இலையைப் பறிக்கக் கூடாது. உங்கள் உடம்பின் நிழல் அட்டையில் விழும்படி நிற்க வேண்டும். நேர் வெயிலில் எல்லாப் பச்சையும் வெளிறித் தெரியும். ஒரே ஆள்தான் பருவம் முழுக்கப் பார்க்க வேண்டும், ஆளுக்கு ஆள் கண் மாறும். பத்தில் ஆறு இலைகள் 4-ம் எண்ணுக்குக் கீழே இருந்தால் ஏக்கருக்கு 26 கிலோ யூரியா. இல்லையென்றால் அடுத்த வாரம். வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் 4-க்குப் பதில் 3. கதிர் வந்த பிறகு நிறுத்திவிடலாம். கரும்பச்சையாக நிற்கும் வயலைப் பார்த்து ஊரே மெச்சும். நோய்க்கும் பூச்சிக்கும் பிடித்தது அந்த வயல்தான்.

மொத்தமாகச் சொன்னால், காம்ப்ளக்ஸை நிறுத்திவிடுங்கள். ஏக்கருக்கு அடியுரமாக டி.ஏ.பி. 1 மூட்டை. யூரியா அதிகபட்சம் இரண்டரை மூட்டை, அட்டை கேட்கும்போது மட்டும். பொட்டாஷ் 33 கிலோ, ஒரேயடியாக இல்லாமல் அடியுரம் தொடங்கிக் கதிர் வெளிவரும் வரை நாலாகப் பிரித்து. துத்தநாகத்துக்கு ஜிங்க் சல்பேட் 10 கிலோ, மணலோடு கலந்து, நடவுக்கு முன் கடைசியாகச் சேற்றின் மேல். அதை டி.ஏ.பி.யோடு கலந்து வீசாதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இரண்டுமே பயிருக்குக் கிடைக்காது.

இனி தண்ணீர். நம் ஆட்கள் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள். எந்நேரமும் தண்ணீர் நிற்கும் சேற்றில் காற்று இல்லை. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் மட்கும் தாளிலிருந்து மீத்தேன் உண்டாக்கும். நெல் தண்டுக்குள் இருக்கும் காற்றுக்குழாய்கள் வழியாகவே அது வெளியே வருகிறது, பயிரே புகைபோக்கி மாதிரி. அவ்வப்போது காய விட்டால் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறையும், தண்ணீரும் 30 சதவீதம் வரை மிச்சம்.

எவ்வளவு காய விடலாம் என்பதற்கு ஒரு குழாய் போதும். ஒரு அடி நீளம், 4 அங்குல பி.வி.சி. குழாய். கீழ்ப்பாதியில் சுற்றிலும் 2 செ.மீ. இடைவெளியில் சிறு துளைகள். துளை உள்ள 15 செ.மீ. மண்ணுக்குள்ளும் மீதி வெளியேயும் இருக்கும்படி இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை அடிவரை தோண்டி எடுத்துவிட வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. உள்ளே சேறு இருந்தால் குழாய் எதையும் காட்டாது. வரப்பை ஒட்டி வைக்கக் கூடாது, பக்கத்து வயலின் ஊற்று ஏமாற்றும். மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் சராசரியான இடமாக வையுங்கள். நட்டு இரண்டு வாரம் கழித்துத் தொடங்கலாம், களை அதிகமென்றால் மூன்று வாரம். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே போனதும் 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுங்கள். பூப்பதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் காய்ச்சல் கூடாது. அந்த நேரத்தில் வறண்டால் பதர் விழும்.

சொல்வது எளிது, கடைமடையில் செய்வது கஷ்டம். பெரியாறு தண்ணீரில் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை உள்ள 45,000 ஏக்கர் இருபோகம். மேலூர்ப் பகுதியின் 85,000 ஏக்கருக்கு மேல் ஒருபோகம். தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத்தான் விடுவார்கள். அடுத்த முறை வருமா என்று தெரியாதவர் வரப்பு முட்டத் தண்ணீரைக் கட்டி வைப்பதில் தப்பே இல்லை. குழாயை அவர் கையில் கொடுத்து 'காய விடுங்கள்' என்று சொல்வதில் அர்த்தமில்லை. உங்களுக்குக் கிணறு இருக்கிறது. முறை தவறினால் ஒரு தண்ணீர் கொடுக்க முடியும். அதனால் நீங்கள் செய்யலாம். மேலூர்ப் பக்கத்துச் செவ்வல் மண்ணில் தண்ணீர் ஒரே நாளில் 15 செ.மீ. இறங்குகிறது என்றால் காய்ச்சலை விட்டுவிட்டு முதலில் தண்ணீர் கட்டிச் சேறாக்கும் தொளி உழவைச் சரி செய்யுங்கள்.

புகையானுக்கு வருவோம். அதை நாமே கூப்பிடுகிறோம் என்றுகூடச் சொல்லலாம். தழைச்சத்து அதிகமான பயிரின் சாறு அதற்கு விருந்து. முட்டையும் அதிகம் வைக்கும். அதைத் தின்னும் ஓநாய்ச் சிலந்தி, மிரிட் நாவாய்ப்பூச்சி இரண்டையும் ஒழிப்பது நட்ட முப்பது நாளில் இலைச் சுருட்டுப்புழுவுக்கென்று அடிக்கும் முதல் மருந்து. குறிப்பாகச் செயற்கை பைரித்ராய்டு வகை: சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மாதிரி 'மெத்ரின்' என்று முடியும் பெயர்கள். அவை இலை மேல் இருப்பதையெல்லாம் கொல்லும்; தூரின் அடியில் தண்ணீரை ஒட்டி உட்கார்ந்திருக்கும் புகையானைத் தொடாது. எதிரி இல்லாத வயலில் அது பெருகி, கதிர் வரும் நேரத்தில் வட்டம் வட்டமாகத் தீய்ந்து போகிறது. அதற்கு மறுபடி இரண்டு மருந்து. உங்கள் உண்மையான செலவு இங்கேதான்.

முதல் 40 நாளுக்கு இலை கடிபட்டாலும் மருந்து எடுக்காதீர்கள். தூர் கட்டும் பயிர் அந்த இலையை ஈடு செய்துவிடும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் இலைகள் சுருண்டால்தான் அதற்கு மருந்து யோசிக்க வேண்டும். புகையானுக்கு, 10 குத்துகளை விலக்கி அடித்தண்டில் தட்டி எண்ணுங்கள். தூருக்கு (குத்தில் கிளைத்த ஒவ்வொரு தண்டுக்கும்) ஒன்று என்ற கணக்கு வந்தால் எச்சரிக்கை. குத்துக்கு ஒரு சிலந்தி கண்ணில் பட்டால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீரை வடித்துவிட்டு நாசிலைத் தூரின் அடிக்குக் கொண்டு போய் அடியுங்கள். கடையில் மூன்று பாட்டிலைக் கலந்து 'இதில் எல்லாம் போய்விடும்' என்று கொடுத்தால் வாங்காதீர்கள். நடும்போதே 8 அடிக்கு ஒரு அடி நடாமல் இடைவெளி (பட்டம்) விட்டால் தூருக்கு வெளிச்சமும் காற்றும் போகும். வரப்பில் தட்டைப்பயறு அல்லது உளுந்து ஊன்றினால் நன்மை செய்யும் பூச்சிகளுக்குத் தங்க இடம். எலிக்கு ப்ரோமடியோலோன் கட்டி வைப்பவர்களுக்கு ஒன்று: அதைத் தின்று தடுமாறும் எலியை ஆந்தையும் வல்லூறும் பிடித்தால் அவையும் சாகும். பக்கத்தில் அரிட்டாபட்டி மலை இருக்கிறது, 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது, வல்லூறுகளுக்குப் பேர் போனது. வயலில் 'டி' வடிவக் குச்சிகள் நட்டு வைத்தால் ராத்திரி ஆந்தை வந்து உட்கார்ந்து எலியைப் பார்த்துக்கொள்ளும்.

வயலிலிருந்து வழியும் மணிச்சத்தும் தழைச்சத்தும் கண்மாயில் சேர்ந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் செழிக்கும், ராத்திரியில் ஆக்சிஜன் குறைந்து மீன் மிதக்கும். ஆனால் மதுரை நகரை ஒட்டிய கண்மாய்களின் கேட்டுக்கு உரத்தை விடச் சாக்கடைதான் பெரிய காரணம். எல்லாவற்றையும் விவசாயி தலையில் கட்ட வேண்டாம்.

சரி, கிணறு. தண்ணீர் நிற்கும் நெல் வயலில் நைட்ரேட் அதிகம் உருவாகாது. உருவானாலும் கீழே இறங்குமுன் வாயுவாகிவிடும். காற்றோட்டமுள்ள தோட்டக்கால் மண்ணில் நடப்பது வேறு. மல்லிகைக்குப் போடும் யூரியா ஒன்றிரண்டு வாரத்தில் நைட்ரேட்டாகிவிடும். நைட்ரேட் மண் துகளில் ஒட்டாது, தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும். மொட்டு நன்றாக வர வேண்டும் என்று அடிக்கடி ஒரு பிடி யூரியா வைத்துப் பாத்தி நிறையத் தண்ணீர் விட்டால், அது வேரைத் தாண்டிக் கிணற்றுக்குப் போய், மோட்டார் வழியாக மறுபடி மேலே வருகிறது.

அப்படி வருவதைக் கணக்கில் வையுங்கள். 90 மி.கி. நைட்ரேட்டில் தழைச்சத்து 20 மி.கி. வருடத்துக்குக் கிணற்றிலிருந்து 60 செ.மீ. உயரத் தண்ணீர் பாய்ச்சினால் 30 செண்டுக்கு ஏறக்குறைய ஏழே கால் லட்சம் லிட்டர். அதில் 15 கிலோ தழைச்சத்து, 32 கிலோ யூரியாவுக்குச் சமம். 30 செண்டில் பரிந்துரைத்த இடைவெளியில் சுமார் 780 செடிகள். செடிக்கு வருடத்துக்கு 60 கிராம் என்றால் தேவை 47 கிலோ. மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீரே கொண்டு வருகிறது. அவ்வளவு யூரியாவை மல்லிகைக்குக் குறைத்துவிடலாம். மீதியையும் நவம்பர் கடைசிக் கவாத்துக்குப் பிறகும் ஜூன், ஜூலையிலும் என்று இரண்டோடு விடாமல், சிறு சிறு பங்காகப் பிரித்து, பாத்தி நிரம்பாத அளவு தண்ணீரோடு கொடுங்கள். சொட்டு நீர் இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் 90 என்ற அளவுக்கு 30 செண்ட் மல்லிகை மட்டும் காரணமா என்பது சந்தேகம். கிணற்றுக்குப் பக்கத்தில் மாட்டுக் கொட்டகை, குப்பைக் குழி, அடி பூசாத கழிவறைக் குழி எதுவும் இருக்கிறதா? அதே தண்ணீரில் குளோரைடும் கோலிபார்ம் கிருமியும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் கூடியிருந்தால் குற்றவாளி உரமில்லை, குழி. மழைக்கு முன் ஒன்று, ஐப்பசி மழைக்குப் பின் ஒன்று என்று இரண்டு மாதிரி எடுங்கள்.

குடிதண்ணீரில் நைட்ரேட் வரம்பு 45 மி.கி. கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்க இந்தக் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கும். காய்ச்சினால் நைட்ரேட் போகாது, தண்ணீர் ஆவியாகி இன்னும் செறிவாகும். குளோரின், படிகாரம், சாதாரண வடிகட்டி எதுவும் எடுக்காது. ஆர்.ஓ. எடுக்கும், அதிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை மல்லிகைக்கு விடலாம், உப்பு அதிகமில்லாத கிணறாக இருந்தால்.

இயற்கைக்கு மாறுவது பற்றி. இயற்கை விவசாயத்தில் உரமாக விடும் கரைசல் ஜீவாமிர்தம். அதில் 200 லிட்டருக்கு 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு. இதில் இருக்கும் மொத்தத் தழைச்சத்து கால் கிலோ அளவுதான், அரைக் கிலோ யூரியாவுக்குச் சமம். நுண்ணுயிர்களுக்கு நல்லது என்று விடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. 60 கிலோ தழைச்சத்துக்கு ஈடாக அதை நம்பினால் முதல் வருடமே மகசூல் விழுந்து திரும்ப 4 மூட்டைக்குப் போவீர்கள். நானோ யூரியாவுக்கும் இதே கணக்குதான்: 4 சதவீத அரை லிட்டர் பாட்டிலில் 20 கிராம் தழைச்சத்து, 20 சதவீதப் பாட்டிலில் 100 கிராம். இலை வழியாக ஒரு கைகொடுக்கும், மூட்டைக்கு மாற்று ஆகாது.

உங்கள் நிலத்துக்குப் பொருந்துவது தக்கைப்பூண்டு, மடக்கி உழுது உரமாக்கும் பசுந்தாள் பயிர். ஒருபோக நிலம் ஆடியில் சும்மாதான் கிடக்கிறது. ஜூலைக் கடைசியில் ஏக்கருக்கு 20 கிலோ விதையைத் தூவி, மழை இல்லாவிட்டால் கிணற்றிலிருந்து இரண்டு தண்ணீர் கொடுத்தால், கால்வாய் திறக்கும் செப்டம்பர் நடுவில் 45 நாள் பயிராகப் பூக்கத் தொடங்கும். அப்போதே மடக்கி உழ வேண்டும். தாமதித்தால் தண்டு நாராகி மட்காது. ஒரு மூட்டை யூரியாவைத் தைரியமாகக் குறைக்கலாம். மடக்கி உழுத பத்து நாள் கழித்து நடுங்கள். அவசரப்பட்டு நட்டால் சேற்றில் கொப்புளம் கொப்புளமாக வாயு வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், நாற்று மஞ்சளாகி வேர் கறுத்துவிடும். அப்படி ஆகிவிட்டால் யூரியா போடாதீர்கள், தண்ணீரை வடித்து மூன்று நாள் காற்றாட விடுங்கள். பசுந்தாளைப் போட்டுவிட்டு எந்நேரமும் தண்ணீர் கட்டினால் மீத்தேன் முன்பை விடக் கூடும். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

தக்கைப்பூண்டு விதைக்கும் முன் மண் மாதிரி எடுத்துவிடுங்கள். வரப்போரம், மர நிழல், குப்பை கொட்டிய இடம், மடை வாய் இவற்றைத் தவிர்த்து, பத்துப் பன்னிரண்டு இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, குழியின் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுங்கள். உரச்சாக்கில் போட்டுக் கலக்காதீர்கள், சாக்கில் ஒட்டிய யூரியாவே முடிவை மாற்றிவிடும். சுத்தமான துணியில் பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, அரைக் கிலோ வரும் வரை திரும்பச் செய்து, நிழலில் உலர்த்துங்கள். நஞ்சைக்கு ஒன்று, மல்லிகைக்கு ஒன்று, தனித்தனிப் பை. ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் கொடுக்கும்போது தழை, மணி, சாம்பல் மூன்றோடு கரிமச் சத்து, துத்தநாகம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பையின் மேல் போன பருவத்தில் என்னென்ன எத்தனை மூட்டை போட்டீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.